வலது காதுக்கு முழு மார்க்

மெதுவா தம்பி, மெதுவா! காதுக்குப் பின்னாடி மூணு விரல் அகலம் செரைக்கணும்னுதானே உங்கிட்ட சொல்லி அனுப்பிச்சாங்க? நீ என்னடான்னா உச்சி வரைக்கும் ஏறிட்டே! நாளைக்கு ஆபரேஷன் வலது காதுல. மண்டையில இல்ல. மண்டைக்குள்ள ஒண்ணுமே இல்லைன்னு என் வீட்டுக்காரி எப்பவோ சொல்லிட்டா, அதைத் தனியா வேற தொறந்து பாக்கணுமா?

சிரிக்கறியா? சிரி, சிரி. உனக்கு ரெண்டு பக்கமும் ஒழுங்கா போவுது, சிரிக்கறே. இப்ப நான் சிரிக்கறேன் பாரு… ஈஈ… பாத்தியா? இடது பக்கம் மட்டும் மேல போச்சா? வலது பக்கம் சண்டைக்காரன் வீட்டு விசேஷத்துக்கு வந்தவன் மாதிரி உம்முனு உக்காந்திருக்கு. புருவத்தைத் தூக்குன்னா தூக்காது. கண்ணை மூடுன்னா மூடாது. தண்ணி குடிச்சா அந்தப் பக்கமா சட்டைக்குத்தான் போகுது.

இரு, நுரை கழுத்துல எறங்குது. தொடை. ம்.

கண்ணு மூடாததுல ஒரே ஒரு லாபம் உண்டு, அதையும் சொல்லிடறேன். பக்கத்துக் கட்டில் மூக்கடைப்பைத் தெரியுமில்ல? மூக்குல பஞ்சை அடைச்சுக்கிட்டு ‘ம்ஙே ம்ஙே’ன்னு பேசுவானே, அவன்தான். நேத்து மத்தியானம் நான் நல்லாத் தூங்கறேன். என் மேஜை மேல ரொட்டி இருக்கு. இவன் பூனை மாதிரி வந்து கைய நீட்டியிருக்கான். பாத்தா என் வலது கண்ணு அவனையே மொறைச்சுக்கிட்டிருக்கு! அப்படியே நின்னுட்டான். இடது பக்கம் கொறட்டை, வலது பக்கம் முறைப்பு. எதை நம்பறதுன்னு தெரியாம ஒரு சலாம் வச்சுட்டு, அவன் கையில இருந்த வாழைப்பழத்தையும் என் மேஜையில வச்சுட்டுப் போயிட்டான். நான் தூங்கிக்கிட்டிருந்தேன்னா எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதே. வாழைப்பழம் இருந்துச்சு, அவ்வளவுதான்.

நான் யாருன்னு நெனைச்சே? சும்மா ஒரு கிழவன்னா? மில்லு சங்கு ஊதினவன்பா நான்! காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. கம்பியப் பிடிச்சு இழுத்தா ஊரே எழுந்திரிக்கும், ஊரே சாப்பிடும், ஊரே வீட்டுக்குப் போகும். ஒருநாள் எனக்குப் பசிச்சதுன்னு கொஞ்சம் முன்னாடியே ஊதிட்டேன். என்ன ஆச்சு தெரியுமா? வாத்தியார் பாதிக் கணக்குல பலகையத் தொடைச்சாரு. ஸ்டேஷன் மாஸ்டர் சுவர்க் கடிகாரத்தைத் திட்டிக்கிட்டே முள்ளைத் தள்ளி வச்சாரு. சூரியன் ஒரு நிமிஷம் யோசிச்சுது. அப்புறம், இவ்வளவு பேர் சொல்றப்ப நமக்கென்ன வந்துச்சுன்னு தலைக்கு நேரா வந்து நின்னுக்கிச்சு. என்ன அப்படிப் பாக்கறே? நான் நேர்ல பாத்தேன்பா.

அந்தச் சங்குக்குப் பக்கத்துல நின்னு நின்னுதான் காது போச்சுன்னு சொல்லுது ஒரு கூட்டம். போகட்டும். நான் ஒத்துக்கறதா இல்ல.

இந்த டாக்டருங்க இருக்காங்களே… ஐயையே! நீயும் இங்கேயே வேலை பாக்கறவன், உங்கிட்ட சொல்லக் கூடாது. ஆனா சொல்லுவேன். காது ஒழுகுதுன்னு போனா, ‘எத்தனை வருஷமா ஒழுகுது?’ன்னு கேக்கறாங்க. மூக்கு ஒழுகினா யாராவது வருஷக் கணக்கு வச்சிருக்காங்களா? ஒழுகும்போது பஞ்சு வச்சேன், நின்னா எடுத்தேன். அரிச்சா சாவியப் போட்டுக் குடைஞ்சேன். சாவி இல்லைன்னா பேனா மூடி. அதுக்கு அந்தச் சின்ன டாக்டர், மொளைச்சு மூணு எலை விடாதவன், தலையில அடிச்சுக்கறான். ‘காதுக்குள்ள முழங்கையத் தவிர வேற எதையும் விடாதீங்க தாத்தா’ங்கறான். முழங்கைய எப்படிடா விடறதுன்னு நான் ரெண்டு நாள் முயற்சி பண்ணிப் பாத்தேன். நக்கல் பண்ணியிருக்கான் ராஸ்கல்!

வாடை வருதுன்னு வீட்டுக்காரி தலகாணிய எடுத்துக்கிட்டு என் கால்மாட்டுக்குப் போயிட்டா. சரி, நிம்மதின்னு விட்டுட்டேன். அப்புறம் ஒருநாள் காலையில பல்லு விளக்கப் போறேன், கண்ணாடியில வாய் கோணியிருக்கு. நான் என்ன பண்ணேன்? கண்ணாடிய நேரா மாட்டினேன். அப்பவும் கோணல். ஆணியப் பிடுங்கி வேற இடத்துல அடிச்சேன். அப்பவும் கோணல். அவ பின்னாடியே நின்னு பாத்துக்கிட்டிருந்தவ, ‘கண்ணாடி நல்லாத்தாங்க இருக்கு’ன்னா. அந்தக் குரல்ல… சரி, விடு.

உனக்குப் புரியாது தம்பி. உனக்குக் கத்திதான் தொழிலு. எனக்கு மில்லை மூடினதுக்கப்புறம் கதைதான் தொழிலு. கடைவாசல், பஸ் ஸ்டாப்பு, முடி வெட்டற எடம், எங்க உக்காந்தாலும் என்னைச் சுத்தி நாலு பேரு. கதைய வாயில சொல்றாங்கன்னு நெனைச்சுக்கிட்டிருக்கே நீ. இல்லவே இல்ல. ஒரு புருவத்தைத் தூக்கணும், அப்பத்தான் எதிர்ல இருக்கறவன் வாயைப் பொளப்பான். ஒரு கண்ணைச் சுருக்கணும், அப்பத்தான் இது புளுகுன்னு அவனுக்குத் தெரிஞ்சு சிரிப்பான். இந்த மூஞ்சி இப்படி ஆனதுக்கப்புறம் ஒரு நாள் சூரியன் கதைய எடுத்து விட்டேன். ஒருத்தன்கூடச் சிரிக்கல. ஒருத்தன் பக்கத்துல இருக்கறவன்கிட்ட, ‘பாவம், பெரியவருக்கு மூளை கலங்கிருச்சு’ங்கறான். எனக்கு! பாவமாம்! செருப்பால அடிச்சிருந்தாக்கூடப் பரவால்லப்பா.

அதனாலதான் இந்த ஆஸ்பத்திரிக்கே வந்தேன். காதுக்காக இல்ல. காது எக்கேடோ கெட்டுப் போகட்டும். மூஞ்சி வேணும் எனக்கு.

ஏய், கத்திய நல்லாத் தீட்டினியா? இழுக்குது. ம்… இப்ப பரவால்ல.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், பெரிய டாக்டர். அவரு படம் போட்டுக் காமிச்சாரு. காதுக்குள்ள போக வேண்டாத தோலு உள்ள போயிருச்சாம். போனது சும்மா இல்லாம வெங்காயம் மாதிரி ஏடு ஏடா உருண்டு, எலும்பை அரிச்சுத் தின்னுக்கிட்டே வருதாம். உள்காது எலும்புல ஒரு ஓட்டை போட்டுட்டு, அந்த ஓட்டை மேலயே மூடி மாதிரி ஒட்டிக்கிச்சாம். அதனாலதான் காதை அமுக்கினா எனக்கு வீடு சுத்துதாம். வாலை மட்டும் நீட்டி, பக்கத்துல போற மூஞ்சி நரம்பு மேல போட்டு அழுத்துதாம். என் காதுக்குள்ள, எனக்கே தெரியாம, இவ்வளவு குடித்தனம்!

‘சரிங்க, எல்லாத்தையும் வழிச்சு எடுத்துடுங்க’ன்னேன். எடுக்க மாட்டாராம்! கேளு இந்த அநியாயத்தை. ‘பெரியவரே, அந்த ஓட்டை மேல இருக்கற மூடியப் பிச்சா உள்காது செத்துரும். உங்க அதிர்ஷ்டம், இவ்வளவு அரிச்சும் அந்தக் காதுல கேக்கற நரம்பு பிரமாதமா இருக்கு. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல. அதனால மூடியையும், நரம்பு மேல கெடக்கற வாலையும் விட்டுட்டு மத்ததை மட்டும் எடுக்கறேன். அடுத்த வருஷம் திரும்பத் தொறந்து பாப்போம்’ங்கறாரு. தொறந்து பாக்க இது என்ன ஊறுகாய் ஜாடியா?

‘மூஞ்சி?’ன்னேன். ‘அதுதான் சொல்ல முடியாது. நரம்பு அதுவரைக்கும் தாங்கணும். அந்தக் காது மட்டும் ஏற்கெனவே செத்துப்போயிருந்தா ஒரே தடவையில சுத்தமா வழிச்சு எடுத்து, நரம்பையும் விடுவிச்சு விட்டிருப்பேன், மூஞ்சி திரும்பியிருக்கும்’னாரு. சொல்லிட்டு, காது நல்லா இருக்குன்னு என் தோள்ல தட்டிக் கொடுத்தாரு. படிச்ச மனுஷன் பேசற பேச்சா இது? பெரிய படிப்பு, பெரிய கண்ணாடி, மூணு பேனா பாக்கெட்டுல. ஒரு மூஞ்சியத் திருப்பி வைக்கத் துப்பு இல்ல!

துப்பு கெட்டவங்க, தம்பி, இங்க எல்லாருமே. அதுக்கும் ஒரு கதை இருக்கு. யாருக்கும் சொல்லாத கதை. இது புளுகு இல்ல, நெஜம். கிட்ட வா.

கேக்குதான்னு பாக்கற பொண்ணு ஒண்ணு இருக்கே, கோடியில கண்ணாடி வச்ச சின்ன ரூம்ல? உள்ள நம்மள உக்கார வச்சு, தலையில ஹெட்போனை மாட்டி, கையில ஒரு பொத்தானைக் கொடுத்துடுவா. நல்ல காதுல மழை கொட்டற மாதிரி ஒரே எரைச்சலை விட்டுடுவா. அது சும்மா இருக்கணுமாம். மத்த காதுல ‘பீப், பீப்’னு சத்தம் வருமாம், கேட்டா அமுக்கணுமாம். எனக்கு வலது பக்கம் என்ன வந்துச்சுங்கறே? ஒண்ணும் வரல. ஒரு இழவும் வரல. வந்து ரொம்ப வருஷம் ஆச்சுப்பா. கிணத்துல கல்லைப் போட்டா டுப்புனாவது கேக்கும், இது அதுவும் இல்ல.

ஆனா நான் யாரு? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பொண்ணு ஒருக்களிச்சு உக்காந்திருக்கா. ஒவ்வொரு தடவை சத்தம் விடும்போதும் அவ தோளு லேசா ஒரு துள்ளு துள்ளுது. தையல் மிஷின் மிதிக்கறவ மாதிரி. துள்ளினா அமுக்கினேன். துள்ளலையா, சும்மா இருந்தேன். நடுவுல ரெண்டு மூணு தப்பும் விட்டேன், சந்தேகம் வரக் கூடாதில்ல? முடிச்சுட்டு வெளியே வந்து, ‘தாத்தா, உங்க நரம்புக்கு என்ன சாப்பிடறீங்க?’ன்னு கேக்கறா! வலது காதுக்கு முழு மார்க்!

இன்னும் கேளு. பெரிய டாக்டர் ஒரு கவட்டைக் கம்பிய வச்சிருப்பாரே, முட்டியில தட்டி, ‘ஙொய்ங்’னு நெத்தி நடுவுல வைப்பாரே? எந்தக் காதுல கேக்குதுன்னு கேப்பாரு. எனக்கு இடது பக்கந்தான் கேட்டுச்சு. ஆனா எனக்கு முன்னாடி போன ஆளு, காது ஒழுகற இன்னொரு ஆளு, ‘கெட்ட காதுலதாங்க நல்லாக் கேக்குது’ன்னான். டாக்டர் ‘அப்படித்தான் இருக்கணும், நரம்பு நல்லா இருக்கு’ன்னு சந்தோஷப்பட்டாரு. நான் கதவுக்கு வெளியில நின்னு இடது காதால கேட்டுக்கிட்டேன். பரீட்சைக்கு முன்னாடியே விடை கைக்கு வந்தா விடுவனா? நானும் ‘கெட்ட காதுலதாங்க!’ன்னு அடிச்சு விட்டேன். ஏமாந்துட்டாரு! மூணு பேனா!

எதுக்கு இவ்வளவும்னு கேக்கறே. என் வீட்டுக்காரிக்காகப்பா. அவளும் கூட வந்து, அந்தக் கண்ணாடி ரூமுக்கு வெளியில, கையக் கட்டிக்கிட்டு நின்னுக்கிட்டிருந்தா. ‘உங்களுக்கு அந்தப் பக்கம் கேக்கல, உங்களுக்கு அந்தப் பக்கம் கேக்கல’ன்னு பல வருஷமா அவ ஒரே பாட்டு. நானும் விடாம, ‘கேக்குது, பதில் சொல்ற மாதிரி நீ எதுவும் பேசல’ன்னுதான் சொல்லிக்கிட்டு வரேன். யோசிச்சுப் பாரு. காது கேக்காம பேசாம இருந்தா செவிட்டுக் கிழவன். காது கேட்டும் பேசாம இருந்தா குடும்பத் தலைவன்! வித்தியாசம் இருக்கில்ல? இத்தனை வருஷம் கட்டிக் காப்பாத்தின மரியாதைய ஒரு பீப் சத்தத்துக்காக விட்டுக் கொடுக்க முடியுமா?

டாக்டர் சொன்னதைக் கேட்டு அவ மூஞ்சியப் பாக்கணுமே! அப்படியே வந்து அந்த வராந்தா பெஞ்சுல உக்காந்தவதான். ‘அப்ப நான் கூப்பிட்டதெல்லாம் கேட்டுச்சா?’ன்னு மட்டும் கேட்டா. மெதுவா. ‘எல்லாம் கேட்டுச்சு’ன்னேன். அதுக்கப்புறம் பேசல. ஜெயிச்சுட்டேன்.

…ஜெயிச்சேன்தான். என்ன, அவ கொஞ்சம் அழுத மாதிரி இருந்துச்சு. அது கெடக்கட்டும்.

என்னப்பா, கைய நிறுத்திட்டே? பாதிதான் எடுத்திருக்கே. நுரை காயுது. என்ன அப்படிப் பாக்கறே?

என்ன? டாக்டருக்கா? அந்தக் காது செத்ததுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாம வச்சிருக்கறதுலதானே சாமர்த்தியமே இருக்கு. அவரு அதுல உசுரு இருக்குன்னு நெனைச்சுக்கிட்டுத்தான் அந்த மூடியப் பிய்க்காம, வாலைத் தொடாம, நாளைக்கு…

இரு.

இரு இரு இரு.

அந்தக் காது செத்துப்போயிருந்தா… ஒரே தடவையிலன்னாரு. இல்ல? நரம்பை விடுவிச்சு… மூஞ்சி திரும்பியிருக்கும்னாரு. என்கிட்டதான் சொன்னாரு. நான்தானே நின்னுக்கிட்டு கேட்டேன்? நல்ல காதாலதானே கேட்டேன்?

அப்ப நாளைக்கு அவரு எதைக் காப்பாத்தப் போறாரு? ஆளே இல்லாத வீட்டுக்குக் காவல் போடப் போறாரு! அந்த வீட்டுக்குப் பக்கத்துச் சுவர்ல என் மூஞ்சி நசுங்கிக்கிட்டுக் கெடக்கு… அட என் மடத்தனமே! தோளு துள்ளுச்சாம், நான் அமுக்கினேனாம். யாரு கழுத்தை அமுக்கினேன்?

தம்பி, எந்திரிச்சு ஓடு. கத்திய வை. வாசல் மேஜையில இருக்கற சிஸ்டர்கிட்ட போய், இவருக்கு வலது காது சுத்தமாக் கேக்கல, பரீட்சையில ஏமாத்திட்டாரு, நாளைக்குக் கத்தி வைக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை பாருங்கன்னு சொல்லு. நானே போவேன், எழுந்தா தலை சுத்துது. போ!

சிரிக்கறே. ஏன் சிரிக்கறே? இது கதை இல்லப்பா! சூரியன் நின்னது கதை. வாழைப்பழம்… சரி, அது நானே வாங்கி வச்ச வாழைப்பழம். மூக்கடைப்பு பாவம், கட்டிலை விட்டே எறங்கல. போதுமா? இது நெஜம். என் மூஞ்சியப் பாரு, புளுகற மூஞ்சியா இது? …ஆமா. இந்த மூஞ்சியில என்னதான் தெரியும். பாதி செத்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் சத்தியம் பண்ணாலும் எவன் நம்புவான்.

சரி, நீயே பாத்துடு. இந்தக் கைய இங்க கொடு. இந்த இடது காதுல விரலை விட்டு அடை. சும்மா அடைச்சா கேட்டுத் தொலைக்கும், விரலை ஆட்டிக்கிட்டே இரு, கரகரன்னு சத்தம் வரணும். ஆங், அப்படித்தான். இடது கண்ணை நான் மூடிட்டேன். வலது கண்ணு மூடாது, துண்டை எடுத்து மூஞ்சி மேல போட்டுடு. நீ வாயசைக்கறதைப் பாத்து ஏமாத்திட்டேன்னு அப்புறம் சொல்லக் கூடாது. இப்ப வலது காது பக்கத்துல வந்து எதாவது சொல்லு. திட்டு, பரவால்ல. என்னைத் திட்ட வேண்டியது உனக்கு எவ்வளவோ இருக்கும்.

சொல்லு.

சொல்லுப்பா, கூச்சப்படாதே. சத்தமாவே சொல்லு.

மூச்சு படுது. சூடா படுது. நீ கிட்டத்தான் இருக்கேன்னு தெரியுது. நுரைகூட அசையுது. சொல்லிட்டியா? கத்தறியா என்ன? எனக்குக் காத்து மட்டுந்தான் வருது தம்பி. வெறும் காத்து.

தம்பி? விரலை எடுத்துட்டியே, இப்பத்தான் என் குரலே எனக்குக் கேக்குது, இவ்வளவு நேரம் எல்லாருக்கும் கேக்கற மாதிரியா கத்திக்கிட்டிருந்தேன்? தம்பி! ஏய்!

துண்டை எடுத்துப் பாத்தா ஆளைக் காணோம். கத்தி இருக்கு, சோப்பு இருக்கு, ஆள் இல்ல. அதோ… ஓடறான் பாரு, செருப்பைக்கூட விட்டுட்டு. சிஸ்டர்கிட்டயா போறான்? போ, போ. காதைத் தொட்டுக் காமிக்கறான், கைய விரிக்கறான். அதெல்லாம் சரி, கொஞ்சம் மெதுவாச் சொல்லேண்டா, பக்கத்து பெஞ்சுலதான் என் வீட்டுக்காரி உக்காந்திருக்கா! அவ காதுல விழாம…

விழுந்துருச்சு. எந்திரிச்சுட்டா.

சிஸ்டர் போனை எடுத்துட்டா, இவ இங்க வரா. என்ன நடை அது, மில்லு கேட்டைத் தொறந்து விட்ட மாதிரி. பாதி செரைச்ச தலையோட எங்க போய் ஒளியறது நான்?

வா. வா, வா. வந்துட்டியா? திட்டு. எல்லாத்தையும் சேத்து வச்சுத் திட்டு, நான் ஒண்ணும் சொல்லல.

ஆனா அங்க நிக்காதே. இப்படிச் சுத்திக்கிட்டு இடது பக்கமா வந்து உக்காரு. அந்தப் பக்கம் எனக்குக் கேக்காது.